வீடு சொந்தம், மண் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்க ஏழைகள் தவணையில் வாங்கும் "நகரும் வீடு"

லாரியில் ஒரு வீடு போகிறது.

வீட்டுச் சாமான்கள் அல்ல, வீடே போகிறது! கதவு, ஜன்னல், கூரை, சமையல் அறை, குளியல் அறை எல்லாம் சேர்ந்த முழு வீடு. முன்னால் ஒரு கார் காவல் போகிறது. "பெரிய சுமை வருகிறது" என்று பலகை தொங்குகிறது. மற்ற வண்டிகள் ஒதுங்கி வழி விடுகின்றன.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் இது அடிக்கடி காணும் காட்சி.

இந்த வீட்டுக்கு "மொபைல் ஹோம்" என்று பெயர். நகரும் வீடு என்று பொருள். இதைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். அடியில் இரும்புச் சட்டம் இருக்கும். அதில் சக்கரம் பூட்டி, வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் வைக்கிறார்கள்.

சுமார் 2 கோடி அமெரிக்கர்கள் இப்படிப்பட்ட வீடுகளில் வாழ்கிறார்கள்.

அமெரிக்கா என்றதும் வானத்தைத் தொடும் கட்டடங்கள் நினைவுக்கு வரும். புல்வெளியும் மோட்டாரும் உள்ள பங்களா நினைவுக்கு வரும். ஆனால் அங்கேயும் கடைச் சிப்பந்தி இருக்கிறார். லாரி டிரைவர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அம்மாள் இருக்கிறார். பென்ஷனில் காலம் தள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். பங்களா வாங்க அவர்களிடம் பணம் இல்லை. அவர்களுக்கு ஏற்ற வீடு இதுதான்.

விலை எவ்வளவு?

2023-ம் ஆண்டில் புது வீடு ஒன்றின் சராசரி விலை சுமார் 1 லட்சத்து 24 ஆயிரம் டாலர். இது சிறியதும் பெரியதும் சேர்ந்த சராசரி. ஒற்றைப் பகுதியாக வரும் சிறிய வீட்டுக்கு இதைவிடக் குறைவு. இரண்டு பகுதிகளை ஒட்ட வைத்த பெரிய வீட்டுக்கு அதிகம். செங்கல்லும் மரமும் கொண்டு மனையிலேயே கட்டும் வீட்டோடு ஒப்பிட்டால், சதுர அடிக் கணக்கில் ஏறக்குறைய பாதி விலைதான்.

பாதி விலையில் வீடு! பிறகு என்ன கவலை?

கவலை விலையில் இல்லை. கடனில் இருக்கிறது.

வீடா, வண்டியா?

ஆதியில் இது வண்டியாகத்தான் பிறந்தது. காரின் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் வண்டி. அகலம் 8 அடி. 1954-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்மர் பிரே என்பவர் 10 அடி அகலத்தில் செய்து விற்றார். "மொபைல் ஹோம்" என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. அதன்பின் அகலம் வளர்ந்துகொண்டே போயிற்று. இன்று ஓர் இடத்தில் வைத்துவிட்டால் பெரும்பாலான வீடுகள் அங்கிருந்து நகருவதே இல்லை. பெயரில் மட்டும்தான் நகர்கிறது!

ஆனால் சட்டம் பழைய பிறப்பை மறக்கவில்லை. பல மாநிலங்களில் இந்த வீட்டுக்கு, நிலத்துக்கு எழுதுவது போல் பத்திரம் கிடையாது. கார், லாரிக்குக் கொடுப்பது போல் உரிமைச் சீட்டு கொடுக்கிறார்கள். அதுவும் வாகனப் பதிவு இலாகாவில்!

கடன் கொடுப்பவரும் அப்படியே பார்க்கிறார். மண்ணோடு சேர்ந்த வீட்டுக்கு வீட்டுக் கடன். மண் இல்லாத வீட்டுக்கு, கார் வாங்கக் கொடுப்பது போன்ற கடன். இதற்கு "சாட்டல்" கடன் என்று பெயர். சாட்டல் என்றால் அசையும் பொருள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வீட்டுக் கடனுக்கு வட்டி குறைவு. 30 ஆண்டு வரை தவணை உண்டு. சாட்டல் கடனுக்கு வட்டி அதிகம். தவணைக் காலம் குறைவு. கட்டத் தவறினால் வீட்டுக் கடன்காரருக்குச் சட்டம் சிறிது அவகாசம் கொடுக்கும். சாட்டல் கடனில் அந்த அவகாசம் குறைவு. தவணை நின்ற காரை இழுத்துக்கொண்டு போவதுபோல வீடும் கைவிட்டுப் போகும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கணவர் மரக்கடையில் வேலை செய்கிறார். மனைவி ஆஸ்பத்திரிச் சமையல் அறையில் வேலை செய்கிறார். இரண்டு குழந்தைகள். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 3,400 டாலர் கைக்கு வருகிறது. அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு 1,200 டாலர் வாடகை கொடுக்கிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் 8,000 டாலர்.

64,000 டாலரில் ஒரு வீடு பார்க்கிறார்கள். 4,000 டாலர் முன்பணம். மீதி 60,000 டாலர் கடன். தவணை 20 ஆண்டு.

வட்டி நூற்றுக்கு 7 என்றால், மாதத் தவணை 465 டாலர். (நம் ஊர்க் கந்து வட்டிபோல மாத வட்டி அல்ல, ஆண்டு வட்டி.)

வட்டி நூற்றுக்கு 10 என்றால், மாதத் தவணை 579 டாலர்.

மாதம் 114 டாலர்தானே வித்தியாசம் என்று தோன்றும். 20 ஆண்டும் சேர்த்துப் பாருங்கள். 27,300 டாலர்! வீட்டின் விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மூன்றே மூன்று வட்டி செய்யும் வேலை இது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வீடு விற்கும் கடைக்காரர், "வட்டி எவ்வளவு?" என்ற பேச்சையே எடுக்க மாட்டார். "மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?" என்றுதான் கேட்பார். 579 டாலர் கஷ்டம் என்றால், "25 ஆண்டாகப் போட்டுக்கொள்ளலாம். 545 டாலர்தான்" என்பார். வாங்குகிறவர் முகம் மலரும். மாதம் 34 டாலர் மிச்சம்! ஆனால் 5 ஆண்டு கூடுதலாகக் கட்டுவதில் மொத்தம் 24,600 டாலர் அதிகம் போகிறது. கடன் பத்திரத்தில் "மொத்தம் கட்டும் தொகை" என்று ஓர் இடம் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

விற்கிற கடையிலேயே கடன் கொடுப்பவரும் இருப்பார். அது வசதிதான். ஆனால் ஒரே கடையில் விலையும் பேசி வட்டியும் பேசினால், எதில் குறைத்து எதில் கூட்டினார்கள் என்று தெரியாது. அங்கே ஊருக்கு ஊர் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. சில சங்கங்கள் இந்த வீடுகளுக்கும் கடன் கொடுக்கின்றன. இரண்டு மூன்று இடங்களில் வட்டியை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு கடைக்குப் போகிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

கடன் கிடைப்பதும் எளிது அல்ல. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த வகை வீட்டுக்குக் கடன் கேட்ட 100 மனுக்களில் சுமார் 27 மனுக்களுக்குத்தான் கடன் கிடைத்தது என்று அது கூறியது. சாதாரண வீட்டுக்குக் கேட்டவர்களில் 100-க்கு 74! மற்ற மனுக்கள் தள்ளுபடி ஆயின. அல்லது பாதியில் நின்றன.

தள்ளுபடிக்கு ஒரு முக்கியக் காரணம், "கிரெடிட் ஸ்கோர்". பள்ளிக்கூட மார்க் போன்றது இது. 300-ல் தொடங்கி 850-ல் முடியும். பழைய கடன்களை நாள் தவறாமல் கட்டியவருக்கு நல்ல மார்க். மார்க் குறைந்தால் வட்டி ஏறும். மிகவும் குறைந்தால் கதவே அடைபடும்.

மனை வாடகை

நமது குடும்பத்துக்கு நூற்றுக்கு 10 வட்டியில் கடன் கிடைத்துவிட்டது. வீடும் வந்துவிட்டது. எங்கே வைப்பது?

சொந்த மனை இல்லை. ஆகவே ஒரு காலனியில் வைக்கிறார்கள். இத்தகைய காலனிகளை "பார்க்" என்று அழைப்பார்கள். ஒருவருக்குச் சொந்தமான பெரிய நிலம். அதில் வரிசை வரிசையாக வீடுகள். வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம்; மண் நில முதலாளிக்குச் சொந்தம். கோவில் மனையில் வீடு கட்டிக்கொண்டு அடிமனை வாடகை கொடுப்பவர்களுக்கு இது எளிதில் புரியும்.

மனை வாடகை மாதம் 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தவணை 579. இன்ஷுரன்ஸ் 100. ஆக மொத்தம் 1,179.

முன்பு கொடுத்த வாடகையைவிட 21 டாலர் குறைவு. வீடும் சொந்தம். அந்தக் குடும்பத்தில் அன்று பாயசம் வைத்துக் கொண்டாடினாலும் தகும்.

தவணை 20 ஆண்டும் அப்படியே இருக்கும். மனை வாடகை இருக்காது. ஆண்டுக்கு நூற்றுக்கு 5 ஏறினால், 10 ஆண்டு கழித்து மனை வாடகை 814 டாலர். கடன் தீரும் நாளில் 1,326 டாலர். கடனே இல்லாத, தங்கள் சொந்த வீட்டில் இருப்பதற்கு, முன்பு அடுக்குமாடிக்குக் கொடுத்ததைவிட அதிகம் கொடுக்க வேண்டும்!

அடுக்குமாடியிலேயே இருந்திருந்தால் அந்த வாடகையும் ஏறித்தான் இருக்கும். அது உண்மை. ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவர் கட்டுப்படி ஆகாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகலாம். இவர்கள் போக முடியாது. வீட்டைப் பெயர்த்து வேறு இடத்துக்கு இழுத்துப்போகப் பல ஆயிரம் டாலர் வேண்டும். பழைய வீடானால் வழியிலேயே ஆட்டம் கண்டுவிடும். பழைய வீடுகளைப் பல காலனிகள் உள்ளே விடுவதும் இல்லை. கடைசியில் வீட்டை வந்த விலைக்கு விற்க வேண்டும். அல்லது விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இது நில முதலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். அண்மை ஆண்டுகளில் பெரிய முதலீட்டுக் கம்பெனிகள் இந்தக் காலனிகளை வாங்கத் தொடங்கின. கைமாறிய பல காலனிகளில் வாடகை ஏறியது.

ஆகவே வீட்டைப் பார்க்கும் முன் மனை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? கடந்த 5 ஆண்டுகளில் வாடகை எவ்வளவு ஏறியது? தண்ணீர், சாக்கடை, குப்பை இதில் சேர்ந்ததா? விற்கும்போது, வாங்குகிறவரை முதலாளி ஏற்றுக்கொள்ள வேண்டுமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "ஆமாம்" என்றே பதில் வரும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டால் எல்லாம் சொல்லிவிடுவார்கள்.

அரசாங்கம் ஜாமீன் நிற்கிறது

பணம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா? செய்கிறது.

கூட்டாட்சி அரசாங்கத்தின் வீட்டு வசதி இலாகா இரண்டு திட்டங்கள் வைத்திருக்கிறது. அரசாங்கம் பணம் கொடுப்பது இல்லை. பாங்கிதான் கொடுக்கிறது. அரசாங்கம் ஜாமீன் நிற்கிறது. அதற்கான இன்ஷுரன்ஸ் கட்டணம் மட்டும் கடன்காரர் தலையில்.

ஒன்று, மனை இல்லாதவர்களுக்கும் உதவும் திட்டம். நல்ல மார்க் உள்ளவர் நூற்றுக்கு 5 முன்பணம் கட்டினால் போதும். 20 ஆண்டுத் தவணை. ஒற்றைப் பகுதி வீட்டுக்குச் சுமார் 1 லட்சத்து 5 ஆயிரம் டாலர் வரை என்று 2024-ல் வரம்பை உயர்த்தினார்கள். அதற்கு முன் பல ஆண்டுகள் 70 ஆயிரம் டாலரைக்கூடத் தொடவில்லை. விலை ஏறிக்கொண்டே போக, வரம்பு நின்ற இடத்திலேயே நின்றது. பாங்கிகளும் இந்தத் திட்டத்தை ஏறக்குறைய மறந்துவிட்டன.

இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல நிபந்தனை உண்டு. வாடகை மனையில் வீடு வைத்தால், முதல் ஒப்பந்தம் 3 ஆண்டுக்கு இருக்க வேண்டும். மனையைக் காலி செய்யச் சொல்வதானால் 180 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அரசாங்கக் கடன் வாங்காதவர்களும் தங்கள் ஒப்பந்தத்தில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மற்றொரு திட்டம், மனையோடு சேர்த்து வாங்குவோருக்கு. வீட்டை நிரந்தரமான அஸ்திவாரத்தில் பொருத்த வேண்டும். மார்க் 580-க்குக் குறையாமல் இருந்தால் முன்பணம் நூற்றுக்கு மூன்றரை. தவணை 30 ஆண்டு. இது சாட்டல் கடன் அல்ல. முழு வீட்டுக் கடன்.

சிவப்புத் தகடு

அரசாங்க ஜாமீன் கிடைக்க ஒரு சிறிய தகடு முக்கியம்.

1976-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி முதல் இந்த வீடுகளுக்கு நாடு முழுவதும் ஒரே தரக் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் செய்த ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் சிவப்பு உலோகத் தகடு அறைந்திருக்கும். வீட்டின் உள்ளே, சமையல் அறை அலமாரியிலோ மின்சாரப் பெட்டி அருகிலோ விவரச் சீட்டு ஒட்டியிருக்கும். எந்த அளவு காற்றைத் தாங்கும் என்பதும் அதில் இருக்கும். 1992-ல் புளோரிடாவில் "ஆண்ட்ரு" புயல் இந்த வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று. அதன்பின் 1994-ல் காற்று விதிகளைக் கடுமையாக்கினார்கள்.

1976-க்கு முந்தைய வீட்டுக்கு அரசாங்க ஜாமீன் கிடையாது. பெரும்பாலான பாங்கிகளும் கையை விரிக்கும்.

பழைய வீட்டை ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. கடன் தொல்லை இல்லாத வழி அது. கையில் உள்ள பணம் குறைவானால் மோசமான வழியும் அல்ல. ஆனால் உரிமைச் சீட்டில் பழைய கடன் ஏறியிருக்கிறதா, வரி பாக்கி உண்டா என்று பார்க்க வேண்டும். குளியல் அறை ஓரத்தில் தரையைக் காலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால், அடியில் பலகை தண்ணீரில் ஊறிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

அப்பாவின் மனை

சிலருக்குக் கிராமத்தில் அப்பாவின் நிலம் இருக்கும். "அதில் அரை ஏக்கரை எடுத்துக்கொள், வீட்டை வை" என்பார் அப்பா. மனை வாடகைத் தொல்லை தீர்ந்தது.

இங்கே ஒரு தர்மசங்கடம். நிலத்தையும் சேர்த்து அடமானம் வைத்தால் வட்டி குறையும். முன்பணத்துக்குப் பதில் நிலத்தையே ஏற்றுக்கொள்ளும் பாங்கியும் உண்டு. ஆனால் தவணை தவறினால் வீட்டோடு அப்பாவின் நிலமும் போகும். நிலத்தைச் சேர்க்காமல் சாட்டல் கடன் வாங்கினால் வட்டி கூடும். போனால் வீட்டோடு போகும், நிலம் பிழைக்கும்.

2001 முதல் 2010 வரை, சொந்த நிலம் வைத்துக்கொண்டு கடன் வாங்கியவர்களில் நூற்றுக்குச் சுமார் 65 பேர் சாட்டல் கடனே வாங்கினார்கள். அறியாமல் வாங்கியவர்களும் உண்டு. அறிந்தே வாங்கியவர்களும் உண்டு. நிலையான வேலை உள்ளவருக்கு நிலத்தைச் சேர்ப்பதுதான் லாபம். வேலை எப்போது போகும் என்று தெரியாதவர், அப்பாவின் நிலத்தைக் காப்பாற்றக் கூடுதல் வட்டி கட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்த காலமும் உண்டு. 1990-களில் வந்தவருக்கெல்லாம் கடன் கொடுத்தார்கள். 1998-ல் மட்டும் சுமார் 3 லட்சத்து 73 ஆயிரம் வீடுகள் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டன. பிறகு தவணைகள் நின்றன. வீடுகளைத் திரும்ப இழுத்து வந்தார்கள். இந்தக் கடன்களில் முன்னணியில் இருந்த "கிரீன் ட்ரீ" கம்பெனியை 1998-ல் "கான்செக்கோ" என்ற இன்ஷுரன்ஸ் கம்பெனி வாங்கியிருந்தது. 2002 டிசம்பரில் கான்செக்கோ திவால் மனு கொடுத்தது. 2009-ல் புறப்பட்ட வீடுகள் சுமார் 50 ஆயிரம்தான். அந்த அடிக்குப் பிறகே பாங்கிகள் இப்படி மிரளுகின்றன.

13 குடும்பங்கள்

மண்ணும் வேண்டும், பணமும் இல்லை என்றால் என்ன செய்வது?

நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் மெரிடித் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சிறிய காலனி. 13 குடும்பங்கள். 1984-ல் அந்தக் குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. கூட்டுறவுச் சங்கம் அமைத்தன. அந்த மாநிலத்தில் அப்போதுதான் ஏழைகளுக்காக ஒரு சமூகக் கடன் நிதி தொடங்கியிருந்தது. அந்த நிதி கொடுத்த முதல் கடனே இந்தக் காலனியை வாங்கத்தான்.

பிறகு அந்த மாநிலத்தில் சட்டமும் வந்தது. காலனியை விற்க விரும்பும் முதலாளி, குடியிருப்பவர்களுக்கு 60 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அவர்கள் விலை கேட்டால் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

2008-ல் இதே வேலையை நாடு முழுவதும் செய்ய ஓர் அமைப்பு தோன்றியது. இன்று 300-க்கும் மேற்பட்ட காலனிகள், குடியிருப்பவர்களுக்கே சொந்தமாக இருக்கின்றன. அங்கேயும் மனை வாடகை உண்டு. காலனி வாங்கிய கடனை அடைக்க வேண்டும் அல்லவா? சாலையையும் தண்ணீர்க் குழாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? சில ஆண்டுகளில் வாடகையைக் கூட்டவும் செய்கிறார்கள்.

ஆனால் கூட்டுவதா, வேண்டாமா என்று கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள், அந்த வாடகையைக் கட்டுகிறவர்களே.